கசெற் சாகவில்லை, வயர்தான் பிழை

மூதூர் கிழக்கிலிருந்து திருகோணமலை நகருக்கு வந்திருந்த ஓர் அம்மா, பழைய சேலைத் துண்டில் சுற்றி மூன்று வீடியோ கசெற்றுகளைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று 1990களின் நடுப்பகுதியில் எடுத்த சாமத்திய வீட்டுக் கசெற். பெண் பிள்ளைக்குத்தான் சாமத்தியம், ஆனால் அவர் பார்க்க விரும்பியது மகனை. 2006 இல் சம்பூர்ப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்த பின்னர் அந்த மகன் வீடு திரும்பவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. நடக்கிற மகன், கதைக்கிற மகன் அந்தக் கசெற்றில் மட்டுமே இருக்கிறான்.

தெரிந்தவர் ஒருவரிடம் பழைய டெக் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணத்தில் புதிய ரீவியும் இருந்தது. இரண்டையும் இணைக்கக் கடையில் ஒரு வயர் வாங்கினார்கள். "டெக் ஓடுது பிள்ளை. உள்ளுக்குச் சுத்துற சத்தமும் கேக்குது. ரீவி மட்டும் நீலமா நிக்குது. கசெற் செத்துப்போச்சு எண்டு சொல்றாங்க" என்றார்.

கசெற் சாகவில்லை. அந்த வயரால் அந்த வேலையைச் செய்யவே முடியாது. அதற்குப் பிறகு உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் இதே வயரை, இதே நீலத் திரையை, இதே முடிவைக் கண்டிருக்கிறேன். படம் வராவிட்டால் நாடா பழுதென்று எறிந்துவிடுகிறார்கள். இடப்பெயர்வுகளையும் 2004 சுனாமியையும் தாண்டி, பொலித்தீனில் சுற்றி நிலத்தில் புதைத்து எடுத்த கசெற் கடைசியில் ஒரு வயரால் குப்பைக்குப் போகிறது. அதனால்தான் வயர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

வயருக்குள் போவது என்ன?

ரீவியின் பின்பக்கத்தில் பல வகைத் துளைகள் இருந்தாலும் அடிப்படையில் இரண்டு குடும்பங்கள்தான். ஒன்று அனலொக், மற்றது டிஜிற்றல்.

அனலொக் வயருக்குள் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. படத்தில் வெளிச்சம் கூடினால் அழுத்தமும் கூடும், இருண்டால் குறையும். வழியில் எதாவது இரைச்சல் சேர்ந்தால் அதுவும் படத்தின் பகுதியாகிவிடும். எது அசல், எது வழியில் ஒட்டியது என்று ரீவிக்குப் பிரித்தறியத் தெரியாது. டிஜிற்றல் வயருக்குள் போவது ஒன்று, பூச்சியம் என்ற இரண்டே அடையாளங்கள்.

கொட்பேயிலிருந்து இரவில் புறப்பட்ட இரண்டு படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மற்றவருக்குக் கத்திச் செய்தி சொன்னால் இயந்திரச் சத்தமும் காற்றும் சேர்ந்துதான் காதில் விழும். அதே செய்தியை ரோச் அடித்துச் சொன்னால், மழைத் தூறலில் வெளிச்சம் மங்கித் தெரிந்தாலும் அடித்ததா அடிக்கவில்லையா என்பது போதும். மங்கலான வெளிச்சம் செய்தியை மங்கலாக்காது.

அதனால் இரண்டும் பழுதாகும் விதமும் வேறு. அனலொக் பழுதாவது நிலாவெளிக் கடலில் இறங்குவது போல. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று படிப்படியாக. படம் மங்கும், நிறம் வெளிறும், கோடு விழும், ஆனாலும் முகம் தெரியும். டிஜிற்றல் கோணேசர் மலை போல. விளிம்பு வரை சமதரை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. விளிம்பிலே நிற்கும்போது மட்டும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும், அல்லது ஒரு விநாடி இருண்டு திரும்பி வரும்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

மூன்று நிறங்களும் ஒரு பொய் வயரும்

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தத் தசாப்தத்திலேயே எமது ஊர்களுக்கு டெக் வந்துவிட்டது. ஜெனரேற்றரோடு ரீவியையும் டெக்கையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த தலைமுறைக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மஞ்சள் படம். வெள்ளை இடப்பக்க ஒலி. சிவப்பு வலப்பக்க ஒலி. கடையில் ஏ.வி. வயர் என்று கேட்டால் தருவார்கள். மூன்றும் அனலொக். மஞ்சள் வயர் ஒன்றுக்குள்ளேயே வெளிச்சத்தையும் நிறத்தையும் சேர்த்து அடைத்து அனுப்புவதால், கட்டம் போட்ட சட்டையில் வானவில் நிறம் ஓடுவதைப் பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள்.

புதிய ரீவி எதிர்பார்ப்பது எச்.டி.எம்.ஐ. ஜப்பானிய, ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் ஏழு சேர்ந்து 2002 டிசம்பரில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டன. பத்தொன்பது ஊசிகள் கொண்ட தட்டையான பிளக். படமும் ஒலியும் ஒரே வயரில், டிஜிற்றலாகப் போகும்.

இப்போது அந்தப் பொய் வயருக்கு வருவோம். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ பிளக், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. இடையில் எந்தப் பெட்டியும் இல்லை, வெறும் வயர். விலையும் மலிவு. பார்த்தால் டெக்கையும் ரீவியையும் இணைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அனலொக்கை டிஜிற்றலாக மாற்றுவது ஒரு மொழிபெயர்ப்பு வேலை. ஏறி இறங்கும் அழுத்தத்தை விநாடிக்குப் பல இலட்சம் தடவை அளந்து எண்களாக்க வேண்டும். அதற்கு ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும். செப்புக் கம்பி மொழிபெயர்க்காது. மஞ்சள் பிளக்கை எச்.டி.எம்.ஐ ஊசியில் ஒட்டிவிட்டால் ரீவிக்குக் கிடைப்பது அதற்கு விளங்காத சத்தம் மட்டுமே. நீலத் திரையோ "சிக்னல் இல்லை" என்ற வரியோதான் மிச்சம்.

வேண்டியது ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐக்கு மாற்றும் சிறு பெட்டி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, யு.எஸ்.பி. வயரால் மின்சாரம் எடுக்கும். வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐயிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் பெட்டியும் அதே அளவில், அதே நிறத்தில் பக்கத்திலேயே தொங்கும். அது புதிய பெட்டியைப் பழைய ரீவியில் பார்க்க விரும்புபவருக்கு. உங்களுக்கு வேண்டியதில் மூன்று நிறத் துளைகளின் பக்கம் "இன்" என்றும் எச்.டி.எம்.ஐ பக்கம் "அவுட்" என்றும் இருக்க வேண்டும்.

காசு செலவழிக்க முதல் இரண்டு விடயங்களைப் பாருங்கள். பல புதிய ரீவிகளில் மூன்று நிறத் துளைகளுக்குப் பதிலாக ஹெட்போன் துளை போல ஒரு சிறு துளை மட்டும் இருக்கும், அருகில் "ஏ.வி. இன்" என்று எழுதியிருக்கும். அதற்கான குட்டி வயர் ரீவிப் பெட்டிக்குள் வந்திருக்கும். ரெஜிபோமோடு சேர்த்து எறிந்தவர்கள் ஏராளம். வேறு வயர் வாங்கினால் உங்கள் ரீவிக்குப் பொருந்தியதா என்று போட்டுப் பாருங்கள், உள்ளே வளையங்களின் ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மற்றது அன்ரெனா துளை. பெரும்பாலான டெக்குகள் அன்ரெனா வயர் வழியாகவும் படத்தை அனுப்பும். ரீவியில் அனலொக் சனல் தேடலைப் போட்டால் ஏதோ ஒரு சனலில் டெக் வந்து நிற்கும். தரம் மஞ்சள் வயரைவிடக் குறைவு, ஆனால் கசெற்றில் படம் இருக்கிறதா இல்லையா என்று அறிய அது போதும்.

அந்த அம்மாவின் வீட்டு ரீவியில் சிறு துளை இருந்தது. அதற்குரிய வயரைப் போட்டதும் படம் வந்தது. முதல் இருபது நிமிடம் பந்தல், வாழை, பலகாரத் தட்டு. பிறகு ஒரு பொடியன் கதிரைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கமராவைக் கடந்து போகிறான், யாரையோ பார்த்துச் சிரித்து ஏதோ சொல்கிறான். பதினொரு விநாடி. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டாம், முதலில் கொம்பியூட்டரில் ஏற்றுவோம் என்று சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

விலை கூடிய வயர் நல்ல படம் தருமா?

எச்.டி.எம்.ஐ வயருக்குள் எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். சாதாரண முழு எச்.டி. படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். விநாடிக்கு 60 படங்கள். பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். 4கே என்றால் அதன் நான்கு மடங்கு. இந்த வேகத்தில் போகும் செய்தியைக் காப்பாற்ற ஒரு நல்ல தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரே செய்தியை முறுக்கிய இரு கம்பிகளில் அனுப்புகிறார்கள், ஒன்றில் இருப்பதன் எதிர்மாறு மற்றதில். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், செய்தி நிற்கும்.

ஆகவே வயர் செய்தியை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. சேர்த்துவிட்டால் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய வயர் அதைவிட நிறமான, கூர்மையான படத்தைத் தராது. விளிம்புக்கு இப்பால் எங்கே நின்றாலும் ஒரே சமதரைதான். "தமிழ்ப் படம் நல்லாக் கலரா வரும்" என்று விலை கூடிய வயரை விற்பவரிடம் சிரித்துவிட்டு வாருங்கள்.

வேகத்தைப் பொறுத்து வகைகள் உண்டு, அது உண்மை. ஹை ஸ்பீட் என்று எழுதிய வயர் முழு எச்.டி.க்குத் தாராளம். 4கே படத்தை 60 பிரேமில் பார்க்க விநாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீட் வேண்டும். 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட் புதிய விளையாட்டுக் கருவிகளுக்கு. வயருக்கு "2.0", "2.1" என்று இலக்கமிட்டு விற்பது உத்தியோகபூர்வ முறை அல்ல, அந்த இலக்கங்கள் கருவிகளுக்கு உரியவை. நீளமும் கணக்கு. ஒன்றிரண்டு மீற்றருக்கு எதுவும் சரி. ஐந்து மீற்றரைத் தாண்டினால் மலிவு வயர் விளிம்புக்கு வந்துவிடும்.

தங்க முலாம் பற்றி ஒரு வார்த்தை. தங்கம் படத்தை அழகாக்காது. ஆனால் திருகோணமலை போன்ற, மூன்று பக்கமும் உப்புக் காற்று அடிக்கும் ஊரில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தங்கம் கறள் பிடிக்காது. உள்துறைமுகப் பக்கத்து வீடுகளில் மலிவுப் பிளக்குகள் பச்சை பூத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். அப்படிப் பூத்தால் உடனே புது வயர் வாங்க வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டுச் செருகிப் பாருங்கள்.

இடி மின்னல் காலத்தில் சுவர்ப் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து டிக்கோடருக்கு ஒரு வயர், டிக்கோடரிலிருந்து ரீவிக்கு எச்.டி.எம்.ஐ. மின்னலுக்கு அது ஒரு நேர்வீதி. டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஒலிக்கு மட்டும் இன்னொரு வயர் உண்டு, ஒப்டிக்கல். தொஷிபா நிறுவனம் 1983 இல் கொண்டுவந்தது. உள்ளே மின்சாரம் இல்லை, பிளாஸ்ரிக் இழை வழியாகச் சிவப்பு வெளிச்சம் போகிறது. ரீவியையும் பெரிய செற்றையும் இணைத்தால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்கிறதா? இரண்டு கருவிகளுக்கும் இடையே நில இணைப்பு வழியாக மின்சாரம் சுற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். ஒப்டிக்கல் வயர் அந்தச் சுற்றை வெட்டிவிடும். கூர்மையாக மடிக்க மட்டும் கூடாது.

நாடாவிலிருந்து கோப்புக்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அவசரமானது இது. புதிய வி.எச்.எஸ். டெக் இனிக் கிடைக்காது. கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. யுனெஸ்கோ 2019 இல் காந்த நாடாக்கள் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்கியது. நாடாவும் அழிகிறது, அதை ஓட்டும் கருவியும் இல்லாமல் போகிறது என்பதே அதன் சாரம். அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2025 ஐக் கடைசி எல்லையாகக் குறித்திருந்தது. குளிரூட்டிய அறையில் நாடாக்களை வைத்திருக்கும் நாடுகளின் கணக்கு அது. எமது நாடாக்கள் பங்கருக்குள்ளும் முகாம் கூடாரத்துக்குள்ளும் இருந்து வந்தவை.

முதல் வேலை, கசெற்றின் முதுகுப்பக்கம் இடது மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் தகட்டை உடைத்துவிடுவது. அது உடைந்திருந்தால் அதன்மேல் யாரும் தவறுதலாகப் பதிய முடியாது. பிறகு கண்ணாடிப் பக்கத்தால் நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். பூஞ்சணம் ஹெட்டை அடைத்து, நாடாவையும் அறுக்கும், அடுத்துப் போடும் கசெற்றுக்கும் தொற்றும். நாடா சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுவதும் முன்னோக்கிச் சுற்றி, பின்னோக்கிச் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். பெறுமதியான கசெற்றை முதலில் போடாதீர்கள். ஏதாவது சினிமாக் கசெற்றைப் போட்டு, டெக் நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதிசெய்த பின்னர் போடுங்கள்.

டெக்கின் "அவுட்" துளைகளிலிருந்து ஏ.வி. வயர், அதிலிருந்து யு.எஸ்.பி. கப்சர் என்ற சிறு கருவி, அதிலிருந்து கொம்பியூட்டர். டெக்கில் ஒரேயொரு ஒலித் துளைதான் இருந்தால் வெள்ளையை மட்டும் செருகுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி வரும், மென்பொருளில் மோனோ என்று தெரிந்தால் சரியாகிவிடும். இந்தப் பாதையில் மஞ்சள் வயர் அனலொக் என்பதை மறக்க வேண்டாம். இங்கே வயரின் தரம் உண்மையாகவே படத்தில் தெரியும். குட்டையான, தடித்த, நல்ல உறை போட்ட வயராக எடுங்கள். எச்.டி.எம்.ஐக்கு வீணாகச் செலவழிக்க இருந்த காசை இதற்குச் செலவழிக்கலாம். டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சமும் நிறமும் அதில் தனித்தனியே போகும்.

மென்பொருள் எந்த முறை என்று கேட்கும். இலங்கையில் பதிந்த கசெற் என்றால் பால் முறை (ஆட்டுப் பால், மாட்டுப் பால் அல்ல, ஒரு தரத்தின் பெயர்). படத்துக்கு 625 கோடு, விநாடிக்கு 25 படம். உறவினர் கனடாவிலிருந்து அனுப்பிய கலியாணக் கசெற் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், 525 கோடு, ஏறக்குறைய 30 படம். அது எமது டெக் எல்லாவற்றிலும் ஓடாது. லண்டன், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்றால் பால்தான். பாரிஸ் கசெற் பெரும்பாலும் செக்காம், இங்கே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். படம் உருண்டுகொண்டு ஓடினாலோ நிறமில்லாமல் வந்தாலோ கசெற்றைக் குறை சொல்ல முதல் இந்தத் தெரிவைப் பாருங்கள்.

720 பெருக்கல் 576 என்ற அளவில் பதியுங்கள். அகலத் திரைக்கு இழுக்க வேண்டாம், முகங்கள் வீங்கிவிடும். விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 3.6 கிகாபைற். இன்றைய ஒரு பென் டிரைவ் பல வீடுகளின் கசெற்றைத் தாங்கும்.

2000களில் சமாதான காலத்துக் கலியாண வீடியோக்கள் சில மினி டி.வி. என்ற சின்னக் கசெற்றில் எடுக்கப்பட்டவை. (இந்த டி.வி. டிஜிற்றல் வீடியோ, ரீவி அல்ல.) அதை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மஞ்சள் வயரால் கொப்பி பண்ணாதீர்கள். அந்த நாடாவுக்குள் இருப்பது ஏற்கெனவே ஒன்றும் பூச்சியமும்தான். கமராவில் ஃபயர்வயர் என்ற துளை இருக்கும். அதன் வழியாக எடுத்தால் எண்கள் அப்படியே கொம்பியூட்டருக்கு வரும், மணிக்கு 13 கிகாபைற் அளவில், ஒரு புள்ளியும் குறையாமல். இன்றைய லப்டொப்களில் அந்தத் துளை இல்லை. பழைய கொம்பியூட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒலிக் கசெற்றுகளையும் விட்டுவிடாதீர்கள். மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்பிய கசெற்றுகள் பல வீடுகளில் இருக்கின்றன. ஹெட்போன் துளையிலிருந்து கொம்பியூட்டரின் லைன் துளைக்கு ஒரு சாதாரண வயர் போதும். ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். அதிகம் வைத்துச் சிதைந்த குரலைப் பின்னர் சரிசெய்ய முடியாது.

எடுத்த கோப்பை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. யூரியூப்பில் எல்லோருக்கும் திறந்துவிடுவதை நான் விரும்பவில்லை. அந்தப் பந்தலுக்குள் உங்கள் பிள்ளை மட்டுமல்ல, ஊராரின் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அவர்களுடைய வீட்டாரிடம் கேட்காமல் அந்த முகங்களைப் பொதுவில் போட எமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டாருக்கு ஒரு பிரதி கொடுங்கள். தங்கள் பிள்ளை உங்கள் கசெற்றில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கோப்புக்கு "வீடியோ 1" என்று பெயர் வைக்க வேண்டாம். ஆண்டு, ஊர், என்ன நிகழ்வு என்று தமிழிலேயே எழுதுங்கள். எடுத்து முடிந்ததும் கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குத் தூரமாக அலுமாரியில் வையுங்கள். பிறகு ஊரில் வயது போனவர் ஒருவரை ரீவிக்கு முன்னால் இருத்தி, வருகிற ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லச் சொல்லி உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.